பெரட்டுக் களத்திலிருந்து பிரதேச செயலகம் வரை

இலங்கை மலையகத்தில் நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கிழவியை அவள் மகன் அடித்தால், அந்தச் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கு உடனே கேட்டது. லயத்துக்குக் கூரை ஒன்று. இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் சுவர் ஒன்று. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் அதன் முன்னால் ஓர் இஸ்தோப்பும்தான் ஒரு குடும்பத்தின் முழு வீடு. அதற்குள் எழும் அழுகை அதற்குள்ளேயே அடங்க வழியில்லை. விடியற்காலையில் பீலிக்கரைக்குத் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். தெரிந்ததைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சொல்லத்தான் ஓர் இடம் இருக்கவில்லை.

இன்று சொல்வதற்கு இடங்கள் பல. நானுஓயாவில் பொலிஸ் நிலையம் இருக்கிறது. நுவரெலியா பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரும், முதியோர் உரிமைகளுக்கென்றே ஓர் உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். நீதவான் நீதிமன்றமும் சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கின்றன. தொலைபேசியில் அழுத்த இலக்கங்கள் இருக்கின்றன. ஆனால் அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் கேட்கும் காது குறைந்துவிட்டது. அன்று அறிந்தவர்கள் பலர், வெளியே அறிவிக்க வழியில்லை. இன்று அறிவிக்க வழிகள் பல, அறிந்தவர்கள் சிலர். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டுக்குள் படும் கொடுமையின் கதை மலையகத்தில் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நிற்கிறது.

ரயில் பாதை நானுஓயாவை எட்டியது 1885-இல். அதைச் சுற்றி ரதல்ல, டெஸ்போட், கிளாசோ, எடின்பரோ என்று தோட்டங்கள். ஒவ்வொன்றும் அந்தக் காலத்தில் ஒரு தனி அரசாங்கம். வேலை, வீடு, மருந்து, அரிசி, தண்டனை எல்லாம் ஒரே வேலிக்குள் இருந்தன. ஆகவே முறையீடும் அந்த வேலிக்குள்ளேயே சுற்றியது. முதலில் சொந்தக்காரப் பெரியவர்கள், அடுத்துக் கங்காணி, அவருக்கும் மேலே கணக்கப்பிள்ளை, கடைசியில் தோட்ட நிர்வாகியான தொரையின் ஆபீஸ். 1939-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றி, மறு ஆண்டில் அதன் தொழிற்சங்கம் தோட்டங்களுக்குள் கால்வைத்த பிறகு, இந்த வரிசையில் தோட்டத் தலைவரும் சேர்ந்துகொண்டார்.

அந்த ஏற்பாட்டில் ஒரு வேகம் இருந்ததை மறுக்க முடியாது. இரவு அடித்தவன் மறுநாள் அந்திக்குள் கோயில் முன்னால் நிறுத்தப்பட்டான். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "பெத்தவ மேல கை வைக்கிறவன் மனுசனாடா?" என்று கேட்டார்கள். காலில் விழச் சொன்னார்கள். கோயிலுக்கு அபராதம் கட்டச் சொன்னார்கள். விஷயம் தொரை வரை போனால், அவர் நினைத்தபடி நாலு நாளைக்கு வேலைக்குப் பேர் போடாமல் நிறுத்திவைக்கலாம். நாள் சம்பளத்தில் சீவிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. பஸ் ஏற வேண்டியதில்லை, எழுத்துமூலம் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை, பாஷை தெரியாத ஒருவர் முன்னால் நிற்க வேண்டியதும் இல்லை.

ஆனால் அந்த நீதி யாரை நோக்கியது என்று பார்த்தால் அதன் வறுமை தெரியும். அது குடும்பத்தின் மானத்தையும் லயத்தின் அமைதியையும் தோட்டத்தின் வேலையையும் காப்பாற்றியது. அடிபட்டவளைக் காப்பாற்றியது அதற்குப் பிறகுதான். காலில் விழுந்து எழுந்த மகனோடு அன்றிரவே அவள் அதே காம்பராவில் படுக்க வேண்டும். மறுபடி அடி விழுந்தால் மறுபடி கோயில். மூன்றாம் முறை போனால், "ஒங்க வீட்டு விஷயத்த நீங்களே நாலு செவுத்துக்குள்ள முடிச்சுக்கங்க" என்றுதான் பதில் வரும். அடித்தவன் கங்காணியாகவோ அவனுக்கு வேண்டியவனாகவோ இருந்தால் அந்த முதல் முறையும் இல்லை. கொடுமையைச் செய்தது தோட்ட நிர்வாகமே என்றால், முறையிடும் இடமும் குற்றவாளியும் ஒன்று.

தோட்டத்துக்கு ஆட்களை அறியும் கருவி ஒன்று இருந்தது: செக்ரோல் என்ற வேலையாட்களின் பெயரேடு. விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். வராத ஆளைத் தேடி லயத்துக்கு ஆள் போகும். காய்ச்சலா, சண்டையா, குடியா என்பது எட்டு மணிக்குள் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். 1912-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் நேரும் பிறப்பையும் இறப்பையும் அரசாங்க மருத்துவ அதிகாரிக்கு அறிவிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகியின் மேல் வைத்தது. அறிவித்தல் என்பது மலையகத்துக்குப் புதிதல்ல. பிறந்ததையும் செத்ததையும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி அறிவித்தார்கள். நடுவில் வாழ்ந்த வாழ்வில் பட்ட அடியை அறிவிக்கச் சட்டம் எவரையும் கேட்கவில்லை.

செக்ரோலில் பேர் உள்ளவரைத்தான் அந்தக் கண்காணிப்பும். வயதாகிப் பேர் வெட்டப்பட்டவர் காலைப் பெரட்டுக்கு வராவிட்டால் யாரும் தேடப்போவதில்லை. அவர்களில் சிலருக்குப் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை கிடைத்தது. சிலர் தேயிலை நாற்று வளர்க்கும் தவறணையில் மண் சலித்தார்கள். அப்படி ஒரு மூலையில் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தவரை தோட்டம் அவர்களை அறிந்திருந்தது. பிறவியிலேயே கைகால் விளங்காத பிள்ளைக்கோ, பேச்சு வராத பெண்ணுக்கோ அந்த மூலையும் கிடைக்கவில்லை. அவர்கள் பேர் எந்த ரோலிலும் ஏறவேயில்லை. தாய் மலைக்குப் போகும்போது காம்பராவில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். அதைக் கொடுமை என்று அன்று யாரும் நினைக்கவில்லை. அவளுக்கு வேறு வழியில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

வேலிக்கு வெளியே நாட்டின் சட்டம் என்ன சொன்னது? 1889-ஆம் ஆண்டின் பராமரிப்புக் கட்டளைச் சட்டம் மனைவியையும் பிள்ளைகளையும் கைவிட்ட ஆண்மகனை நீதிமன்றத்துக்கு இழுத்தது. பெற்றோரைக் கைவிட்ட பிள்ளையைப் பற்றி அதில் பேச்சில்லை. அந்த இடைவெளி 111 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1939-இல் வறியோர் சட்டம் வந்தது. அதன் வழியில் வந்த மாதாந்த உதவிப்பணத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் பிச்சைச் சம்பளம்.

தோட்டத்து முதியவருக்கோ அந்தச் சட்டங்களின் வாசலுக்குப் போவதே எளிதல்ல. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமை இல்லாதவன் பொலிசுக்குப் போனால் முதலில் தன்னைப் பற்றித்தான் பதில் சொல்ல வேண்டும். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்வைத்த ரயில்களில் ஏறி, தலைமன்னார் வழியாகக் குடும்பங்கள் போயின. ஒரே குடும்பத்தில் மகனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, தாய்க்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்றும் விழுந்தது. எந்தப் பிள்ளையும் கைவிட நினைக்காமலேயே கைவிடப்பட்ட முதியவர்கள் அப்படித் தோட்டங்களில் மிஞ்சினார்கள். யார் மேல் புகார் சொல்வது? 1988-லும் 2003-லும் வந்த சட்டங்களோடுதான் நாடற்ற நிலை ஒரு முடிவுக்கு வந்தது.

வெளியுலகமும் இதில் முந்திக்கொண்டதாகச் சொல்ல முடியாது. முதியவர்கள் வீட்டில் அடிபடுவதை மருத்துவப் பிரச்சினையாக எடுத்துச் சொன்ன ஆரம்பக் குரல்களில் ஒன்று, 1975-இல் பிரித்தானிய மருத்துவ இதழுக்கு ஒரு மருத்துவர் எழுதிய சிறு கடிதம். கம்பனித் தோட்டங்களை இலங்கை அரசு சுவீகரித்ததும் அதே 1975-இல்தான். அங்கே டொக்டர்கள் பாட்டிமாரின் காயங்களைப் பற்றிச் சந்தேகப்படத் தொடங்கிய காலத்தில், இங்கே வெள்ளைக்காரத் தொரை போய் உள்ளூர்த் தொரை வந்தார். லயம் மாறவில்லை. 1992-இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போனபோதும் லயம் அதே லயம்தான்.

சட்டம் மாறத் தொடங்கியது 1990-களின் பின்பாதியில். 1996-இல் 28-ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. 1999-இல் புதிய பராமரிப்புச் சட்டம், வயது வந்த பிறகும் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத வலுவிழந்த பிள்ளைக்கும் பராமரிப்புப் பெற்றுக்கொடுத்தது. 2000-இல் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று எழுதியது. பிள்ளைகள் இல்லாத, கைவிடப்பட்ட முதியவருக்குத் தங்குமிடம் கொடுப்பது அரசின் கடமை என்றும் எழுதியது. அறுபது கடந்த தாயோ தகப்பனோ பராமரிப்பு வாரியத்துக்கு விண்ணப்பித்துப் பிள்ளைகளிடமிருந்து மாதப் பணம் கேட்கலாம் என்றாயிற்று. 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவியோடு நின்றுவிடவில்லை. பெற்றோர், பாட்டன் பாட்டி, சகோதரர் எல்லோரையும் அது உள்ளடக்கியது; உடலில் பட்ட காயத்தோடு மனத்தில் பட்ட காயத்தையும் கணக்கில் எடுத்தது. பாதிக்கப்பட்டவரின் சார்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரே நீதவானிடம் விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புக் கட்டளை பன்னிரண்டு மாதம் வரை நீடிக்கலாம். 2016 பெப்ரவரியில் வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதி செய்தது. சுரண்டல், வன்முறை, துஷ்பிரயோகம் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பதற்கென்றே அதில் ஒரு தனி உறுப்புரை உண்டு.

காகிதத்தில் பார்த்தால் இருபது ஆண்டுகளில் நடந்தது அதற்கு முந்திய நூறு ஆண்டுகளில் நடக்காதது. அந்தக் காகிதம் டெஸ்போட்டிலோ கிளாசோவிலோ உள்ள லயத்துக்கு வந்து சேரும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் தூரம். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு எட்டு ஒன்பது கிலோமீற்றர். பஸ்ஸில் போனால் பெரிய தூரமில்லை. ஆனால் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் படிகளும் செங்குத்துப் பாதையும் தண்ணீர் ஓடும் கான்களும் இருக்கின்றன. சக்கர நாற்காலிக்கு அந்தப் பாதை கிடையாது. கண் தெரியாதவருக்குத் துணையில்லாமல் கிடையாது. துணைக்கு வருகிறவர் யார்? பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்தான். புகார் அவர் மேல் என்றால் பயணமே இல்லை.

அடுத்தது மொழி. 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது. 1987-இன் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1999-இல் நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவு இருமொழி நிர்வாகப் பிரிவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பழைய நாட்களில் வாய்முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தவர்கள் உண்டு. இன்று தமிழில் முறைப்பாடு கொடுப்பது உரிமை. அந்த நாளில் அந்த மேசையில் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அந்த உரிமை நடைமுறைக்கு வருகிறது.

மூன்றாவது விலாசம். லயக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அன்று தப்பால்காரர் தோட்ட ஆபீசுக்குக் கொண்டுவந்த கட்டிலிருந்து கடிதங்கள் பிரிந்து போயின. இன்றும் பல இடங்களில் அதே வழிதான். பராமரிப்பு வாரியத்தின் கடிதமோ நீதிமன்ற அழைப்போ அந்த வழியில் வந்தால், உரியவர் கைக்குப் போகுமுன் பலர் கண்ணில் படும். சில நேரம் அது குற்றஞ்சாட்டப்பட்ட மகனின் கையில்தான் போய்ச் சேரும்.

இவை எல்லாவற்றையும் தாண்டினாலும் ஒரு தடை மிஞ்சுகிறது. அது காம்பரா. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் வேலை செய்கிறவரின் பேரில்தான் அது குடும்பத்துக்குக் கிடைக்கும். தாயின் பேர் செக்ரோலில் இருந்தவரை மகன் அவள் காம்பராவில் இருந்தான். பேர் வெட்டப்பட்ட நாளிலிருந்து அவள் மகன் காம்பராவில் இருக்கிறாள். அரிசிச் சாக்கும் அடுப்பும் மருந்துப் போத்தலும் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் மேலிருந்த அதிகாரம் மட்டும் கைமாறிவிடுகிறது. அவன் மேல் முறைப்பாடு கொடுத்துவிட்டு அவள் போகும் இடம் எது?

தோட்ட வைத்தியசாலையில் அடிக்கடி நடக்கும் உரையாடலுக்கு இதுதான் காரணம்.

"என்ன ஆத்தா, கை இப்படி வீங்கியிருக்கு?"

"கானுல விழுந்துட்டேங்கய்யா."

"போன மாசமும் கான்லதானே விழுந்தீங்க?"

"வயசாச்சுங்கய்யா. கண்ணு தெரியமாட்டேங்குது."

கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். அன்று டிஸ்பென்சர் எண்ணெயும் கட்டும் போட்டு அனுப்பினார். இன்றைய வைத்தியர் எலும்பு முறிவா என்று பார்க்க நுவரெலியாவுக்கு அனுப்புகிறார். சிகிச்சை மேம்பட்டிருக்கிறது, அட்டையில் எழுதப்படும் காரணம் அன்றும் இன்றும் கான்தான்.

இது மலையகத்துக்கு மட்டும் உரியதல்ல. அறுபது கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓர் ஆண்டுக்குள் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இருபத்துநான்கு சம்பவங்களில் ஒன்றுதான் அறிவிக்கப்படுகிறது என்றும் அது சொல்லியிருக்கிறது. அறிவிக்காதவர்களில் மிகப் பலர் பாதிக்கப்பட்டவர்களே. அவர்கள் பயப்படுவது அடிக்கு மட்டுமல்ல. மகன் சிறைக்குப் போவானோ, பேரப்பிள்ளைகளின் முகத்தை இனிப் பார்க்கக் கிடைக்காதோ, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயங்கள் அடியைவிடப் பெரியவை.

சிறுவர் விஷயத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். சிறுவருக்கெதிரான கொடுமையை அறிவிக்க 1929 என்ற இலக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். பெண்களுக்கு 1938 இருக்கிறது. அவசரத்துக்குப் பொலிசின் 119. பிள்ளையின் கன்னத்தில் வீக்கம் கண்ட ஆசிரியர் இன்று சும்மா இருக்கத் தயங்குகிறார். ஆத்தாவின் கையில் வீக்கம் கண்டவருக்கு அந்தத் தயக்கம் இன்னும் வரவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. தினமும் இன்னொருவர் கண்ணில் படுகிறது. முதியவருக்கும் வீட்டோடு கிடக்கும் மாற்றுத்திறனாளிக்கும் அப்படி ஒரு வெளிக்கண் இல்லை. பேச்சு வராத, புத்தி வளர்ச்சி குன்றிய பெண்ணுக்கு நேரும் பாலியல் கொடுமை வெளியே தெரிவது பல நேரம் வயிறு தெரிந்த பிறகே. அன்று அதை இரவோடு இரவாக மறைத்தார்கள். இன்று பொலிசில் பெண்கள், சிறுவர் பிரிவு இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அவள் சொல்வதைப் புரிந்து சாட்சியமாக எடுத்துவைக்கும் பொறுமைதான் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

2012-ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 சதவீதத்தினர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோ ஒரு சிரமம் உள்ளவர்களாகப் பதிவானார்கள். 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 1981-இல் நாட்டின் சனத்தொகையில் அறுபது கடந்தவர்கள் 6.6 சதவீதம்; 2012-இல் 12.4 சதவீதம். அறுபத்தைந்து கடந்தவர்களை மட்டும் எடுத்தால் 2012-இல் 7.9 சதவீதம், 2024-இன் மதிப்பீட்டில் 12.6 சதவீதம். பார்க்கப்பட வேண்டியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பார்க்க வேண்டியவர்கள் தோட்டத்தில் இல்லை. 1970-களின் பிற்பகுதியிலிருந்து பெண்கள் மத்திய கிழக்குக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். அன்று ஒரு காம்பராவுக்குள் மூன்று தலைமுறை நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. நெருக்கத்தில் சண்டை பிறந்தது, அதே நெருக்கம் விலக்கியும் விட்டது. இன்று பல வீடுகளில் பாட்டியும் பேரப்பிள்ளையும் மட்டும். அங்கே அடி விழுவதில்லை. ஆறு மாதமாகத் தீர்ந்துபோயிருக்கும் பிரஷர் மாத்திரையைக் கேட்க ஆளில்லை. அதுவும் கவனிப்பின்மைதான். அடித்தால் வீங்குகிறது, கவனிக்காமல் விட்டால் வீங்குவதும் இல்லை.

வீடும் மாறிக்கொண்டிருக்கிறது. இந்திய உதவியில் முதற்கட்டமாகத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் பேசிய கூட்டத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு, தனிக் குசினி, தனிக் கழிப்பறை. லயத்தில் பிறந்து வளர்ந்த எவரும் இதை நட்டம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். இரவில் நாலு வீடு தாண்டிப் பொதுக் கழிப்பறைக்குத் தடியூன்றிப் போன முதியவருக்கு அந்த வீட்டின் அருமை தெரியும். இருந்தாலும் தனி வீட்டுக்கு நாலு சுவரும் அதனுடையவையே. பக்கத்து வீட்டாருக்குச் சத்தம் கேட்பதில்லை. கேட்டாலும், வேலி தாண்டிப் போய்க் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டா என்று யோசிக்கிறார்கள். லயத்தில் அந்த யோசனைக்கே இடம் இருந்ததில்லை. பெரும்பாலான குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கின்றன என்றாலும், அங்கேயும் தடுப்பு எழுப்பி, கதவு போட்டு, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவைத்து வாழும் பழக்கம் வந்துவிட்டது.

பணத்தின் கதையும் இப்படியே. அன்று முதியவரிடம் பறிப்பதற்கு அதிகம் இல்லை. மூக்குத்தி, கொஞ்சம் சீட்டுக் காசு. 1958-இன் ஊழியர் சேமலாப நிதியும் 1983-இன் சேவைக்காலக் கொடுப்பனவுச் சட்டமும் முதன்முறையாகத் தோட்டத் தொழிலாளியின் முதுமைக்கு ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்தன. பெண்ணுக்கு ஐம்பதிலும் ஆணுக்கு ஐம்பத்தைந்திலும் சேமலாப நிதியை எடுக்கலாம். முப்பது ஆண்டுக் கொழுந்துக்குக் கிடைத்த அந்தத் தொகை, மகளின் கலியாணம், மகனின் முச்சக்கர வண்டி, பேரனின் வெளிநாட்டுப் பயணம் என்று சில மாதங்களில் கரைந்த வீடுகள் ஏராளம். மனமுவந்து கொடுத்தது எது, வாயை அடைத்து வாங்கியது எது என்று பிரித்துச் சொல்லக் கொடுத்தவருக்கே தெரியாது.

இப்போது மாத உதவியும் உயர்ந்திருக்கிறது. எழுபது கடந்த வறியவர்களுக்கு முன்பு 2,000 ரூபாயாக இருந்த முதியோர் கொடுப்பனவு 3,000 ஆகி, 2025 ஏப்ரலிலிருந்து 5,000 ஆயிற்று. மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு 7,500-லிருந்து 10,000 ரூபாயாயிற்று. தொகை கூடியது நன்மை. ஆனால் அதை வாங்கத் தபாலகத்தில் வரிசையில் நின்ற நாட்களில் வேறொன்றும் நடந்தது. மாதம் ஒரு முறையாவது அந்த முகத்தைத் தபால் அதிபர் பார்த்தார், வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள், போன மாதம் வந்தவர் இந்த மாதம் வராவிட்டால், "எங்கே காணோம்?" என்று கேட்டார்கள். அஸ்வெசும என்ற அரசின் நலன்புரி உதவி பெறும் குடும்பங்களில் இன்று பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அட்டை ஒருவர் கையில், இரகசிய இலக்கமும் அவர் மனத்தில். நடக்க முடியாதவருக்கு அது பெரிய வசதி. அவரை யாரும் பார்க்காமலேயே அவர் பணத்தை எடுக்கவும் அது வசதி.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன என்று பார்ப்பதில் பயனுண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மருத்துவர், தாதியர் போன்றோர் சந்தேகம் வந்தாலே அறிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கொடுமை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவருக்குப் பாதுகாப்பும் தருகிறது. ஜப்பான் 2005-இல் இயற்றிய சட்டம் தன் பெயரிலேயே இரண்டு பணிகளைச் சொல்கிறது: முதியோர் துன்புறுத்தலைத் தடுப்பது, பராமரிப்பவருக்குத் துணை நிற்பது. படுக்கையில் கிடக்கும் தாயை எட்டு ஆண்டுகள் ஒற்றையாளாகப் பார்த்த மகளும் ஒரு நாள் கை ஓங்கிவிடுகிறாள் என்பதை அந்தச் சட்டம் அறிந்திருக்கிறது. நானுஓயாவின் லயத்துக்கு நெருக்கமானது இந்தச் சட்டம்தான். காலையில் கொழுந்து மலைக்கும் மாலையில் பக்கவாதத்தில் விழுந்த மாமியாருக்கும் ஓடும் பெண்ணைக் குற்றவாளி என்று மட்டும் அழைக்கும் முறைப்பாட்டுப் படிவத்தை அந்த மாமியாரே நிரப்பமாட்டார்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கிடைத்தது பெரிது. முறையீடு தொரையின் தயவிலிருந்து விடுபட்டது. அடித்தவன் யாராக இருந்தாலும் அவன் மேல் சொல்லலாம் என்றாயிற்று. தாயைப் பராமரிப்பது தர்மம் என்ற நிலையிலிருந்து கடமை என்ற நிலைக்கு வந்தது. கைகால் விளங்காத பிள்ளை எந்த ரோலிலும் பேர் இல்லாத நிலையிலிருந்து பிரதேச செயலகத்தின் பட்டியலில் பேர் உள்ள நிலைக்கு வந்தது. இவற்றைக் கொடுத்துவிட்டுப் பழைய லயத்து நெருக்கத்தைத் திரும்பக் கேட்கும் பைத்தியக்காரர் யாரும் இருக்க மாட்டார்கள்.

இழந்தது சிறிதுதான், அது இல்லாமல் கிடைத்தது வேலை செய்யாது என்பதுதான் சிக்கல். அன்று எவரும் கேட்காமலே ஒருவர் வந்து பார்த்தார். இன்றைய ஏற்பாடு முழுவதும், பாதிக்கப்பட்டவர் எழுந்து, நடந்து, பஸ் ஏறி, வந்து சொல்வார் என்ற எதிர்பார்ப்பின் மேல் நிற்கிறது. எழுந்து நடக்க முடிந்தவர்களிடம் அது பலிக்கிறது. அவர்களுக்கு அது மிகக் குறைவாகத் தேவைப்படுகிறது. பிள்ளைத்தாய்ச்சிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்க லயத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் அதே இஸ்தோப்பில் குந்தியிருக்கும் கிழவியையும் கடந்துதான் போகிறார். முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. கிராம உத்தியோகத்தர் இருக்கிறார். அறுபது கடந்தவர்கள், வீட்டோடு கிடப்பவர்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்றை வைத்து, மாதம் ஒரு முறை ஆளைத் தனியே கண்டு இரண்டு வார்த்தை பேசும் பொறுப்பை இவர்களில் ஒருவருக்குக் கொடுக்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

கூடவே ஒரு கட்டிலும் வேண்டும். கைவிடப்பட்டவருக்குத் தங்குமிடம் அரசின் கடமை என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், பஸ் போகும் தூரத்தில், சில இரவுகள் தங்கக்கூடிய ஓர் இடமாக்க வேண்டும். முறைப்பாடு கொடுத்த இரவில் எங்கே படுப்பது என்ற கேள்விக்கு அப்போது ஒரு பதில் இருக்கும். அந்தப் பதில் இருந்தால் வைத்தியர் கேட்கும் கேள்விக்கும் வேறு பதில் வரலாம்.